ஒரே டாலருக்கு நான்கு விலை: சிஆர்எம்மில் எதைப் போடுவது?

எங்கள் கம்பெனியில் ஒரே டாலருக்கு நான்கு விலை ஓடுகிறது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஆவணம்) போடும்போது சுங்கத்துறை அறிவித்திருக்கும் ரேட். பணம் வந்து சேரும் நாளில் வங்கி தரும் ரேட். பின்னால் வரப்போகும் டாலருக்கு வங்கியோடு முன்கூட்டியே விலை பேசி ஃபார்வர்ட் புக் செய்திருந்தால் அந்த ஒப்பந்த ரேட். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பையருக்கு விலை சொல்லும் அன்றைக்கு மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) காஸ்டிங் ஷீட்டில், அதாவது விலைக் கணக்குத் தாளில், போட்டுக்கொள்ளும் ரேட். திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பையர், ஆர்டர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எங்கள் சிஆர்எம் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் பல கரன்சி வசதியை இயக்கப் போனால், அது ஒரே ஒரு கட்டத்தைக் காட்டி ஒரே ஒரு எண்ணைக் கேட்கும். நான்கில் எதைப் போடுவது?

யூடியூப் வீடியோக்களில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எங்கே க்ளிக் செய்வது என்பதோடு முடித்துவிடுகிறார்கள். க்ளிக் செய்வது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் முதலாளியோடும் அக்கவுண்ட்ஸ் சாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பெரிய வேலை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் விவாதம், கார்ப்பரேட் கரன்சி எது என்பது. எல்லா ஆர்டர்களையும் கூட்டிக் காட்டும்போது எந்தக் கரன்சியில் காட்ட வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. எங்களுக்குப் பெரும்பாலான ஆர்டர் டாலரில், கொஞ்சம் யூரோவில், பவுண்டில். அதனால் டாலரையே வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். முதலாளி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"ஏம்மா, நூலுக்கு டாலர்லயா பணம் கட்டறோம்? ஈபி பில்லு டாலர்லயா வருது?"

சரி, ரூபாய். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டையிங்குக்கும் சம்பளத்துக்கும் ரூபாய் கொடுப்பவருக்கு ஆர்டர் புக்கும் ரூபாயில் தெரிந்தால்தான் மனக்கணக்கு ஓடும். ஆனால் ரூபாயை வைத்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. 2022 ஜனவரியில் டாலர் 74 ரூபாய் சுற்றி இருந்தது. அக்டோபரில் 83 தாண்டியது. கையில் 10 லட்சம் டாலருக்கு ஆர்டர் பேச்சு நடக்கிறது என்று வையுங்கள். ஜனவரியில் அது 7.4 கோடி, அக்டோபரில் 8.3 கோடி. ஒரு பீஸ்கூட ஆர்டர் ஏறவில்லை, டேஷ்போர்டில் மட்டும் 90 லட்சம் வளர்ந்திருக்கும். மாத மீட்டிங்கில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்து மார்க்கெட்டிங் டீமைப் பாராட்டினால் சிரிப்பதா அழுவதா?

அதனால்தான் தினசரி ரேட்டைத் தானாக இழுத்து வரும் இணைப்பு ஒன்றை ஒரு விற்பனையாளர் வந்து காட்டியபோது வேண்டாம் என்றோம். நல்ல மென்பொருள்தான், ஆனால் எங்களுக்குத் தேவை இல்லை. ஆர்டர் கூடினாலோ குறைந்தாலோதான் சிஆர்எம்மில் எண் நகர வேண்டும். மும்பையில் மதியம் ஒன்றரை மணிக்கு எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் அன்றைய ரெஃபரன்ஸ் ரேட்டை வெளியிடுகிறது என்பதற்காக என் பைப்லைன், அதாவது பேச்சில் இருக்கும் ஆர்டர்களின் மொத்தம், தினமும் ஏறி இறங்கக் கூடாது.

நாங்கள் போட்டது காஸ்டிங் ரேட். காலாண்டு தொடக்கத்தில் முதலாளியும் அக்கவுண்ட்ஸ் சாரும் பேசி ஒரு எண்ணை முடிவு செய்வார்கள். சந்தையில் 83 என்றால் 81.50 என்பது போல, எப்போதும் ஒன்றோ ஒன்றரையோ குறைத்துத்தான் வைப்பார்கள். மூன்று மாதத்துக்கு மெர்ச்சண்டைசர்கள் எல்லாரும் அதே ரேட்டில்தான் விலை போடுவார்கள். சிஆர்எம்மிலும் அதே எண். காஸ்டிங் ஷீட்டும் சிஆர்எம்மும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். உண்மையில் எத்தனை ரூபாய் கைக்கு வந்தது, ரேட் வித்தியாசத்தில் லாபமா நஷ்டமா என்பதெல்லாம் கணக்கு மென்பொருளான டேலி பார்த்துக்கொள்ளும். அக்கவுண்ட்ஸ் சார் முதலில் "ரெண்டும் டேலி ஆகாதேம்மா" என்று முணுமுணுத்தார். ஆகாதுதான். ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு, வருமான வரிக்கு ஒரு கணக்கு என்று நான் சொல்லப்போக, "அதை வெளிய சத்தமா சொல்லாதீங்க" என்றார்.

ரேட்டைப் போடும் திசையைக் கவனியுங்கள். ரூபாய் கார்ப்பரேட் கரன்சி என்றால், ஒரு ரூபாய்க்கு எத்தனை டாலர் என்றுதான் சேல்ஸ்ஃபோர்ஸ் கேட்கும். 81.50 என்று நேரடியாகப் போட முடியாது, அதன் தலைகீழ். நாங்கள் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் இடுகிறோம்: 0.012270. இதில் ஒரு லட்சம் டாலர் 81,49,959 ரூபாய் என்று வரும். 41 ரூபாய் போகட்டும். சோம்பல்பட்டு 0.0123 என்று நிறுத்தினால் அதே ஒரு லட்சம் டாலரில் ஏறக்குறைய 20,000 ரூபாய் குறைந்துவிடும். வேறு மென்பொருள்களில் திசை மாறியிருக்கலாம். ஒரு தெரிந்த ஆர்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

யென் இன்னும் வில்லங்கம். சுங்கத்துறை அறிவிப்பிலும் ரெஃபரன்ஸ் ரேட் பட்டியலிலும் ஜப்பான் யென்னுக்கு 100 யென் கணக்கில்தான் விலை இருக்கும். 55 என்று பார்த்தால் அது நூறு யென்னுக்கு, ஒரு யென் 55 காசுதான். புதிதாகச் சேர்ந்த பையன் 55-ஐ அப்படியே எடுத்துத் தலைகீழாக்கி வைத்திருந்தான். 50 லட்சம் யென் ஆர்டர் ஒன்று 27.5 லட்சத்துக்குப் பதில் 27.5 கோடியாக சாண்ட்பாக்ஸில் (சோதித்துப் பார்ப்பதற்கான தனி நகலில்) நின்றது. நல்லவேளை, சாண்ட்பாக்ஸ். அந்த ஒரு ஆர்டரை வைத்துப் புது யூனிட்டே போட்டிருக்கலாம்.

சாண்ட்பாக்ஸ் என்று சும்மா சொல்லவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் பல கரன்சியை ஒருமுறை இயக்கிவிட்டால் திரும்ப அணைக்க முடியாது. இயக்கும் நொடியில், அதுவரை இருக்கும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே கரன்சி முத்திரை விழும். எங்கள் பழைய பதிவுகள் எப்படி இருந்தன தெரியுமா? தொகை என்ற கட்டத்தில் 12,500 என்று இருக்கும். கீழே குறிப்பில் "யூரோ" என்று ஒருவர் எழுதியிருப்பார், இன்னொருவர் டாலர் குறியை மட்டும் போட்டிருப்பார், மூன்றாமவர் ஒன்றுமே எழுதியிருக்க மாட்டார், பையர் பெயரை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். இயக்கியதும் அத்தனையும் ரூபாய் ஆகிவிடும். 12,500 யூரோ ஆர்டர் 12,500 ரூபாய் ஆர்டராக நிற்கும்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் எக்செல்லுக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, எது எந்தக் கரன்சி என்று மெர்ச்சண்டைசர்களையே நிரப்பச் சொன்னேன். இதற்குத்தான் நாள் பிடித்தது. ஷிப்மென்ட் வாரத்தில் யாரிடமும் எக்செல் நீட்ட முடியாது. இயக்கிய பிறகு அந்தப் பத்தியைக் கரன்சிக் குறியீடாகத் திரும்ப ஏற்றினோம். பதிவின் கரன்சியை மாற்றினால் தொகை மாறாது, முத்திரை மட்டும்தான் மாறும். 12,500 அப்படியே இருக்கும், ரூபாய் என்பது யூரோ ஆகும். சுத்தம் செய்யும்போது இந்தக் குணம் வரப்பிரசாதம். தினசரி வேலையில் இதே குணம் ஆபத்து: டாலரில் பதிந்த ஆர்டரை யாராவது பவுண்டுக்கு மாற்றினால், எண் கணக்கிட்டு மாறும் என்று நினைத்துக்கொள்வார்கள். மாறாது. ஆர்டர் உறுதியான பிறகு அந்தக் கட்டத்தில் கை வைக்கும் உரிமையை மெர்ச்சண்டைசர்களிடமிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் சரியாகிவிட்டது.

அடுத்தது, காலாண்டு மாறும்போது நடப்பது. சாதாரண அமைப்பில் ரேட்டை மாற்றினால், முடிந்துபோன ஆர்டர்களின் ரூபாய் மதிப்பும் சேர்ந்து மாறும். ஜூன் மீட்டிங்கில் முதலாளி பார்த்துத் தலையாட்டிய எண் ஜூலையில் வேறாக இருந்தால், அப்புறம் எந்த ரிப்போர்ட்டையும் அவர் நம்ப மாட்டார். இதற்குத்தான் தேதிவாரி ரேட் வசதி. ஆர்டரின் முடிவுத் தேதி எந்தக் காலகட்டத்தில் விழுகிறதோ அந்த ரேட் பிடிக்கும். பிஓ (பையரின் கொள்முதல் ஆணை) கைக்கு வந்த நாளை முடிவுத் தேதியாக வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். ஒரு குறை உண்டு: இது ஆப்பர்ச்சூனிட்டிக்கும் (சேல்ஸ்ஃபோர்ஸில் ஆர்டரைப் பதியும் பகுதி) அதைச் சார்ந்தவற்றுக்கும்தான். சாம்பிள் செலவுக்காக நாங்களே உருவாக்கிய பகுதிக்கு இது பொருந்தாது, அங்கே நிலையான ரேட்தான். சாம்பிள் செலவு சின்னத் தொகை என்பதால் விட்டுவிட்டோம்.

எந்தெந்தக் கரன்சியைச் சேர்ப்பது என்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். துபாய் பையர் பேச்சில் திர்ஹாம் சொல்வார், பில் டாலரில்தான் போகும். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது; சேர்த்து என்ன ஆகப்போகிறது? நாம் விலை எழுதிக் கொடுக்கும் கரன்சி மட்டும் போதும். சேர்த்ததை நீக்க முடியாது, செயலற்றதாக வைக்கலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கரன்சிக்கும் எத்தனை தசம இலக்கம் என்று அங்கேயே கேட்கும். டாலருக்கு இரண்டு என்று வைப்பதுதான் வழக்கம். நாங்கள் மூன்று வைத்தோம். எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான ஒரு பீஸ் விலை) 2.875 என்று முடியும் ஸ்டைல்கள் எங்களிடம் உண்டு. அது திரையில் 2.88 என்று தெரிந்தால் மெர்ச்சண்டைசர் அதையே பையருக்கு மெயிலில் தட்டிவிடுவார். 40,000 பீஸில் அரை சென்ட் என்பது 200 டாலர். பையர் அதைக் கேட்காமல் விடுவாரா?

அனுமதி விதிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். "10 லட்சத்துக்கு மேல் என்றால் முதலாளி ஒப்புதல்" என்று பழைய விதி இருந்தால், அது மாற்றிய ரூபாய் மதிப்பைப் பார்க்கிறதா, வெறும் எண்ணைப் பார்க்கிறதா என்று ஒரு டாலர் ஆர்டரைப் போட்டுச் சோதிக்க வேண்டும். வெறும் எண் என்றால் ஒன்பது லட்சம் டாலர் ஆர்டரும் ஒப்புதல் இல்லாமல் நழுவிப் போகும்.

எக்செல்லில் இருந்து மொத்தமாக ஏற்றுபவர்களுக்கு ஒன்று: கோப்பில் கரன்சிக் குறியீட்டுப் பத்தி இல்லையென்றால், ஏற்றுபவரின் சொந்தக் கரன்சியே எல்லா வரிகளுக்கும் விழும். எங்கள் லண்டன் ஏஜென்டின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு பவுண்டில் இருக்கிறது. அவர் அனுப்பும் பட்டியலை அவரே ஏற்றட்டும் என்று விடாமல், நாங்கள் இங்கே வாங்கி, பத்தியை நிரப்பி, அப்புறம்தான் ஏற்றுகிறோம்.