முதல் மேடைக்கு நான்கு கோர்டு போதும்

புதிதாக இசைக்குழு தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, முதல் நிகழ்ச்சிக்கே அதிவேகக் கிட்டார் வித்தைகள் நிறைந்த பாடலை எடுக்காதீர்கள். 1961-இல் அமெரிக்கப் பாடகர் பென் இ. கிங் பாடி வெளிவந்த 'ஸ்டாண்ட் பை மீ' பாடலைக் கேளுங்கள். நான்கே கோர்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்), ஒரே வரிசையில் கடைசி வரை சுழல்கின்றன. பேஸ் கிட்டார் தொடங்கியதுமே கூட்டம் அடையாளம் கண்டுகொள்ளும்.

சுருதியை மட்டும் பாடுபவரின் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மூலப்பதிவின் சுருதியிலேயே பிடிவாதமாக நின்று தொண்டையை வருத்திக்கொள்ளும் பாடகர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை! கிட்டாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை மாட்டினால் அதே விரல் பிடிப்பில் சுருதி ஏறிவிடும். டிரம்ஸ் வாசிப்பவர் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஐந்து பாடல்கள் இருந்தால் தாராளம். எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி உள்ளதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.