நாலாவது துளைக்கும் அஞ்சாவது துளைக்கும் நடுவில் ஒரு கிளாம்ப்

போன ஞாயிறு 6 மி.மீ. டிரில் பிட் ஒன்று போச்சு. அம்பத்தூர் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் இருக்கும் என் குட்டி சிஎன்சியில் (எழுதிக் கொடுத்த கட்டளைப்படி தானே ஓடும் எந்திரம்), 10 மி.மீ. அலுமினியம் பிளேட்டில் வரிசையாக 8 துளை. நாலாவதை முடித்து அஞ்சாவதுக்கு ஓடும் வழியில், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் நின்றது. பிட் நேராகப் போய் அதில் மோதி, டப்.

புரோகிராமில் ஜி99 என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். அதில் ஒவ்வொரு துளைக்கும் பிறகு பிட் ஆர் உயரம் வரைதான் ஏறும், அதாவது துளைக்கத் தொடங்கும் உயரம். என் ஆர், பிளேட்டுக்கு மேல் வெறும் 2 மி.மீ.

சரி, இன்னும் மேலே ஏற்றும் ஜி98 என்று மாற்றினால் தீர்ந்தது என நினைத்தேன். நல்லவேளை, இந்த முறை இசட் ஜீரோவை (உயரக் கணக்கு தொடங்கும் இடம், அதாவது பிளேட்டின் மேல்முகம்) 50 மி.மீ. தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். ஜீரோவுக்கு மேல் 5 மி.மீ.யைத் தாண்டி ஏறவே இல்லை! அரை மணி நேரம் கன்ட்ரோலரைத் திட்டினேன். பாவம், அதன்மேல் தப்பில்லை. சைக்கிளை, அதாவது துளையிடும் கட்டளையை, கூப்பிடும்போது இசட் எந்த உயரத்தில் நிற்கிறதோ, ஜி98 அங்கேதான் திரும்பும். முந்தைய வரியில் ஜி0 இசட்5 (5 மி.மீ. உயரத்துக்கு வேகமாகப் போ) என்று எழுதியவன் நான்தான்.

கிளாம்ப் பட்டை பிளேட்டுக்கு மேல் 12 மி.மீ. அப்போ 15 போதும் என்றேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மில்லிங் மெஷின் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பட்டையை அளந்துட்ட தம்பி, ஸ்டடை யாரு அளக்கறது?" ஸ்டட் என்பது கிளாம்பை இறுக்கும் மரை போட்ட தண்டு. நட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அதன் உச்சி 21. ஆக இசட்25. கீழே ஜி83 என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்கும் சைக்கிள், க்யூ ஒவ்வொரு குத்தின் ஆழம், எஃப் இறங்கும் வேகம், ஜி80 சைக்கிளை முடிப்பது.

ஜி0 இசட்25
ஜி99 ஜி83 எக்ஸ்10 ஒய்10 இசட்-13 ஆர்3 க்யூ2 எஃப்100
எக்ஸ்30
எக்ஸ்50
ஜி98 எக்ஸ்70
ஜி99 எக்ஸ்110
எக்ஸ்130
எக்ஸ்150
எக்ஸ்170
ஜி80

எல்லாத் துளைக்கும் 25 வரை ஏறி இறங்கினால் நேரம் வீண். அதனால் ஜி98 ஒரே வரியில், கிளாம்புக்கு முந்தைய துளையில் மட்டும். அஞ்சாவது துளை வரியில் போட்டால் பிரயோஜனமில்லை. துளை முடிந்த பிறகுதானே ஏறும், அதற்குள் மோதியிருக்கும். துளை ஓரத்தில் அலுமினியச் சுருள் ஒட்டி நிற்பதால் ஆரையும் 3 ஆக்கிவிட்டேன். இசட்-13 என்றால் பிட் பிளேட்டைத் தாண்டி 3 மி.மீ. இறங்கும் என்பதால் அடியில் ஒரு மரப்பலகை.

புது பிட் பழையதைவிட 8 மி.மீ. நீளம். ஜீரோ எடுக்காமல் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தப் போய்விட்டேன். பழைய ஜீரோவில் அந்த 25 நிஜத்தில் 17தான், ஸ்டட்டோ 21! தாளை வைத்துத் தொட்டு மறுபடி ஜீரோ எடுத்தேன். 8 துளையும் சுத்தமாக விழுந்தன. துளை ஓரத்துப் பிசிரை (பர்) எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் போர்த்திவிட்டு இறங்கிவிட்டேன்.