டிட் வந்த பிறகு வென்ட் எதற்கு?

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு 31 வாங்கினான். அக்கா விடைத்தாளை என் மடியில் போட்டுவிட்டு, "நீதானே பி.காம் படிச்சவ, என்னன்னு பாரு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். என் ஆங்கிலமும் ஜிஎஸ்டி, மெயில் அளவோடு சரி.

கோடை லீவில் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டி அனுப்பியிருந்தோம். முதல் நாளே 12 கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பையன் அதை ஸ்லோகம் மாதிரி ஒப்பிப்பான். ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் வரைக்கும் தடங்கல் கிடையாது. பதினோரு வருஷ வேலையில் அந்த மாதிரி வாக்கியத்தை நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. "நேத்து கடைக்குப் போனியா, இதை இங்கிலீஷ்ல கேளு" என்றேன். "டிட் யூ வென்ட் டு ஷாப் யெஸ்டர்டே?"

சும்மா சொல்லக் கூடாது, நானும் முதல் இரண்டு வாரம் அதே அட்டவணையைத்தான் சுவரில் ஒட்டி நடத்தினேன். ஒன்றும் நகரவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரர் மகளும் அவன் வகுப்புத்தான். அவளும் நோட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு அட்டவணையைக் கிழித்துவிட்டு, இரண்டு பேர் நோட்டிலும் சிவப்பு மை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எல்லாம் மூன்று நான்கு இடத்தில்தான் விழுந்திருந்தது. அந்த இடங்களில் தமிழ் ஒரு வேலையை ஒரு மாதிரி செய்கிறது, ஆங்கிலம் வேறு மாதிரி செய்கிறது.

அவள், "மை ஃபாதர் வீவர்" என்று எழுதியிருந்தாள். தமிழில் "எங்க அப்பா தறிக்காரர்" என்றால் முடிந்தது, வினைச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் நடுவில் இஸ் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதைச் சொன்னதும் இரண்டு பேரும் கண்ட இடத்திலெல்லாம் அதைச் செருக ஆரம்பித்தார்கள். "ஐ ஆம் கோ டு ஸ்கூல்." ஒரு வாரம் அந்தக் கூத்து. ஆளையோ பொருளையோ "இன்னது, இப்படி" என்று சொல்ல ஆம், இஸ், ஆர். "செய்கிறேன்" என்று சொல்லச் செயலே போதும், இங் சேர்த்தால் மட்டும் ஆம் வரும் என்று பிரித்த பிறகுதான் அடங்கினார்கள்.

அக்கா மகன், "மை கிராண்ட்ஃபாதர் வில் டிரிங்க் டீ அட் ஃபோர் ஓ கிளாக் எவ்ரிடே" என்று எழுதியிருந்தான். டீச்சர் வில்லைச் சுழித்திருந்தார். பையனைக் குறை சொல்ல முடியாது. "தாத்தா தினமும் நாலு மணிக்கு டீ குடிப்பார்" என்றுதான் நாம் பேசுகிறோம். தமிழில் எதிர்காலத்துக்கும் வழக்கத்துக்கும் ஒரே வடிவம். ஆங்கிலம் வழக்கத்தை நிகழ்காலத்தில் சொல்லும், "டிரிங்க்ஸ்" என்று. தினமும், எப்பவும் வந்தால் வில்லை வெளியே அனுப்பு என்று நோட்டில் பெரிதாக எழுதி வைத்தோம்.

இதெல்லாம் பத்து நாளில் ஓடிவிட்டது. ஒரு மாதத்தைத் தின்றது கேள்விதான். தமிழில் "போனான்" என்பதன் வாலில் ஓர் ஆ ஒட்டினால் "போனானா". ஆங்கிலத்தில் வாலில் ஒட்ட வழியில்லை, தலைமாட்டில் ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். இஸ், வாஸ், கேன், வில் எல்லாம் தாங்களே முன்னால் போய்விடும். மற்ற வினைகளுக்கு டூ, டஸ், டிட் வர வேண்டும். இதை எத்தனை தடவை சொல்லியும் "டஸ் ஹி கோஸ்", "டிட் யூ வென்ட்" போகவில்லை.

ஒருநாள் அந்தப் பெண்ணின் கொலுசைக் கழற்றித் தரச் சொன்னேன். பட்டறை புத்தி. "இதுல திருகாணி எத்தனை?"

"ஒண்ணுதான்க்கா."

"வென்ட்டுங்கறது கொலுசு. உள்ள கோவும் இருக்கு, டிட்டும் இருக்கு. டிட்டுதான் திருகாணி." கழற்றிக் கொலுசுக்கு முன்னால் பாயில் வைத்தேன். "இப்பக் கொலுசுல திருகாணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப மீதி என்ன?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "கோ." அப்புறம் அவளாகவே, "கோஸ்ல இருக்கற ஸ்ஸும் அப்படித்தானாக்கா? டஸ் வெளிய வந்தா ஸ்ஸையும் கூட்டிட்டு வந்துருமா?" என்றாள். அதை நான் சொல்லித் தரவில்லை. "போகலை"க்கும் இதே கணக்கு என்று அடுத்த நாள் காட்டினேன், டிட் நாட் கோ. அரை மணி நேரத்தில் முடிந்தது.

புரிவது வேறு, வாயில் வருவது வேறு. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். வளைவுக்கு ஒரு வாக்கியம், அடுத்த வளைவுக்குள் அதைக் கேள்வியாக்க வேண்டும். "ஹி க்ரோஸ் காஃபி." "டஸ் ஹி க்ரோ காஃபி?" "தே சோல்ட் ஆரஞ்சஸ்." "டிட் தே செல்?" முன் சீட்டில் மூட்டையோடு இருந்த பெரியவர் திரும்பி, "என்னம்மா, மந்திரமா?" என்றார். பதிமூன்றாவது வளைவில் பையனுக்குத் தலை சுற்றி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டான். மீதி ஏழையும் அவளே சொன்னாள்.

ஏரிக்கரையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் இவர்களோடு பேச்சுக் கொடுத்தான். நம்மவன், "டிட் யூ ஸா பகோடா பாயிண்ட்?" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, "ஸீ... டிட் யூ ஸீ?" என்றான். அவன் தானாகத் திருத்திக்கொண்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் போடும் அ, ஆன் விஷயத்தில் நம் எழுத்தே கை கொடுத்தது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன் என்று பள்ளியில் மனப்பாடம். அதை நம்பி "ஆன் யூனிவர்சிட்டி" என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். நான் சொன்னது, வார்த்தையைத் தமிழில் எழுதிப் பார். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ஆன், இல்லையென்றால் அ. மணியைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் "அவர்", ஆகவே ஆன் அவர். "யூனிவர்சிட்டி"யில் யூ உயிர்மெய், ஆகவே அ. எம்.எல்.ஏ. என்றால் எ, ஆகவே ஆன். அந்தப் பெண்ணுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பையன்தான் "ஒன்"னில் கவிழ்ந்தான். ஊரெல்லாம் ஒன்வே என்று ஒகரம் போட்டு எழுதி வைத்தால் அவன் என்ன செய்வான்? உச்சரிப்பு "வன்", அதனால் அ வன் ருப்பி காயின். அ, ஆனுக்குப் பதில் த எங்கே வரும் என்பதைச் சரியாகச் சொல்லித் தர எனக்கு வரவில்லை. முதல் தடவை சொன்னால் அ, கேட்பவருக்கு எது என்று தெரிந்துவிட்டால் த என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாதி இடத்தில் அது போதும்.

அரையாண்டில் 52 வந்தது. ஆக்டிவ், பாசிவ் மாற்றும் கேள்வியை இன்னும் குருட்டாம்போக்கில்தான் எழுதுகிறான்.

இப்போது ஹேவ், ஹேட் நடக்கிறது. "ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே" என்று எழுதினால் நான் விதி சொல்வதில்லை, தமிழில் சொல்லிப் பார் என்கிறேன். "நேத்து அவனைப் பார்த்திருக்கேன்." சொன்னவனுக்கே இடறும். "பார்த்தேன்" என்று மாற்றுவான், ஆங்கிலத்திலும் ஹேவ் கழன்றுவிடும். "ஏற்காடு போயிருக்கியா?" என்று கேட்டால் மட்டும் ஹேவ் வேண்டும், அங்கே நாள் கிடையாது. நேற்று ராத்திரி அந்தப் பெண் கேட்டாள்: "எங்கப்பா இந்தத் தறியில இருவது வருஷமா நெய்யறார்னா, ஹேவ் வருமா வராதாக்கா? இப்பவும் நெய்யறாரே?" வரும் என்று சொல்லிவிட்டேன். தமிழில் "நெய்யறார்" என்று நிகழ்காலம் இருக்கும்போது ஆங்கிலத்தில் ஏன் "ஹேஸ் பீன் வீவிங்" என்பதை எதை வைத்துக் காட்டுவது என்று இன்று பட்டறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.