பொம்மையின் முதுகில் ஓர் ஊசி

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது ஏழு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் சிகிச்சை. மூன்றாவது முறை முதுகுத்தண்டில் ஊசி போட்ட பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். இரவில் படுக்கையை நனைத்தாள். வார்டில் "பிடிவாதம்" என்றார்கள். நானும் அதட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

புற்றுநோய் மருத்துவர்தான் குழந்தை மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "நோய் உடம்பில்தானே, புத்திக்கு என்ன?" என்றார் மாமியார். சீட்டு பத்து நாள் என் பையிலேயே கிடந்தது. அந்தப் பத்து நாளும் வீண். (மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.)

மனநல மருத்துவர் முதலில் கேட்டது மருந்துச் சீட்டை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் நாட்களில் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை வரலாம். தினமும் குறித்து வாருங்கள் என்றார். குறித்தேன். மாத்திரை நின்றதும் எரிச்சல் அடங்கியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அடுத்த முறை அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு துணிப் பொம்மையையும் ஊசி கழற்றிய சிரிஞ்சையும் அவளிடம் கொடுத்தார். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முழங்காலை மடக்கிப் பிடித்து, முதுகில் குத்தினாள். "தம்பியை அடித்தாய்தானே? அதுதான் ஊசி."

சிறு குழந்தைகள் நோயைத் தண்டனையாக எண்ணிக்கொள்வது உண்டு என்று மருத்துவர் விளக்கினார். "காய்ச்சல்தான்" என்று நாங்கள் சொல்லிவந்த பொய் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. அன்று மாலையே நோயின் பெயரைச் சொன்னோம். யார் செய்த தவறாலும் வந்ததில்லை என்றோம். "தம்பிக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு எங்களிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வலிக்காது" என்று இனிச் சொல்லக் கூடாது என்றார் மருத்துவர். வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லப் பழகினேன். மரத்துப்போகும் களிம்பை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். நாங்கள் கேட்ட பிறகுதான் அது கிடைத்தது. ரத்தம் எடுக்க எந்தக் கை என்பதை அவளே சொல்வாள்.

அடுத்த முதுகு ஊசியின்போது எண்ணிக்கொண்டே கிடந்தாள். முப்பதைத் தாண்டியதும் அழுதாள். முடிந்ததும் பொம்மைக்கும் ஒரு பிளாஸ்திரி வேண்டும் என்றாள். செவிலியர் ஒட்டிவிட்டார்.