வாக்கும் பெயரும்

தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்கும் மாணவர்கள் வினா எழுப்பி விடை பெறும் ஓர் இணையச் சேவையில் நான்கு ஆண்டுகள், பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராகப் பணியாற்றினேன். இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு கடைக்கு மேலிருந்த அறைதான் எமது அலுவலகம். மூவர் மட்டுமே இருந்தபடியால், வசைகளை நீக்குவதும் ஒரே வினா இருமுறை வந்தால் இணைப்பதும் தரவுத்தளத்தைப் பராமரிப்பதும் ஒரே ஆளின் கையில் இருந்தன. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரு மாணவிக்குத் தீங்கிழைத்த பிறகே உணர்ந்தேன்.

எமது சேவையில் ஒரு விடை சரியென்று பட்டால் ஆதரவு வாக்கும், பிழையென்று பட்டால் எதிர்வாக்கும் இடலாம். எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். யார் இட்டது என்பது தெரியாது. ஆனால் தரவுத்தளத்தில் யார், எந்த விடைக்கு, எப்போது, என்ன வாக்கு என்ற நான்கு நிரல்களும் அப்படியே இருந்தன. ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க அவரது பெயர் வேண்டும் என்பதற்காக வைத்தோம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எம்மிடம் நீண்டகாலம் பௌதிகவியல் விடைகளை எழுதிவந்த ஆசிரியர் ஒருவர், பத்து நாட்களுக்குள் தம் விடைகள் பலவற்றுக்கு எதிர்வாக்குகள் விழுந்ததைக் கண்டு மனம் நொந்து நேரில் வந்தார். "தம்பி, ஆரோ வேணுமெண்டே செய்றாங்க. ஆரெண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க, வேற ஒண்டும் வேணாம்" என்றார். அவர் மீது எனக்கிருந்த மதிப்பு பெரிது. திட்டமிட்ட தாக்குதலைக் கண்டறிவது என் கடமை என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. தாக்குதல் எதுவும் இல்லை. ஒருவரையொருவர் அறியாத நால்வர் வெவ்வேறு விடைகளுக்கு வாக்களித்திருந்தனர். "திட்டமிட்டதில்ல சேர், உங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டும் இருக்கு" என்று வாய்தவறிச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது, ஏனெனில் அவரது வகுப்பில் எமது சேவையைப் பயன்படுத்தியவர் ஒருவரே. அடுத்த வகுப்பிலேயே அந்த மாணவி எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். குழிவு வில்லையின் குவியத் தூரத்துக்கு ஆசிரியர் குறியை மாற்றியிட்டிருந்தார்; மாணவியின் எதிர்வாக்கு முற்றிலும் நியாயமானது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது புதிய பாடமாக இருந்திருக்கக் கூடாது. தொழிற்சங்கச் சந்தாவைத் தோட்ட அலுவலகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்புவதால், யார் எந்தச் சங்கம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஒருவர் சங்கம் மாறினால் பொழுதுசாய்வதற்குள் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுவதும் அறிந்துவிடும். ஆனால் தேர்தல் வாக்கு அப்படியல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும் அதன்வழி வாக்கையும் இழந்த தோட்டத் தமிழர் தலைமுறையைச் சேர்ந்தவர் என் அப்பாயி. பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்த வாக்கை யாருக்கு அளித்தார் என்று அவர் தாத்தாவிடம் கூடச் சொன்னதில்லை. அவரது பேரனாகிய நான் இன்னொருவரின் வாக்கைத் திறந்து பார்த்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது.

அதன் பிறகு பிறர் இதை எவ்வாறு கையாளுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். கணினி நிரலாளர்களின் வினா-விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மட்டுறுத்துநர்களுக்கே தனிநபர் வாக்குகள் தெரியாது. அந்நிறுவனம் பொதுவில் வெளியிடும் தரவுத்தொகுப்பிலும் சாதாரண வாக்குகளுக்கு உரிய பயனர் எண் இல்லை. வாக்களித்த மணி, நிமிடம் கூட நீக்கப்பட்டு நாள் மட்டுமே இருக்கிறது. நேரத்தையும் அழித்தது ஏன் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. அங்கே ஒரு விடைக்கு எதிர்வாக்கு இட்டால் இட்டவருக்கும் நன்மதிப்புப் புள்ளிகளில் ஒன்று குறையும். ஆகவே வாக்கு விழுந்த கணமும் எல்லோரும் காணக்கூடிய ஒருவரது மொத்தப் புள்ளி குறைந்த கணமும் ஒத்துப்போனால் பெயரைத் தேடாமலே பெயர் வந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. பெயரை மறைப்பது மட்டும் போதாது என்பதற்கு என் வாய்தவறிய வாக்கியமும் சாட்சி.

மறுபக்க வாதமும் உண்டு. பலர் தனித்தனியே நடத்தும் வழங்கிகள் (servers) இணைந்து இயங்கும் கலந்துரையாடல் தளமான லெம்மியில் வாக்குகள் ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்குப் பெயரோடு போவதால் நிர்வாகிகள் அவற்றைப் பார்க்கலாம். பெயர் தெரிந்தால் பொறுப்போடு வாக்களிப்பார்கள் என்பது அதை ஆதரிப்போரின் நம்பிக்கை. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகி ஒருவரை நியமிக்கும் கலந்துரையாடலில் பெயரும் காரணமும் வெளிப்படையாக எழுதப்படுகின்றன. ஆனால் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழுவுக்கான தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாகவே நடக்கிறது. காரணத்தை எழுதுபவர் பெயரிடலாம், விரலை மட்டும் உயர்த்துபவரிடம் பெயர் கேட்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களான மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் ஆசிரியரும் மாணவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பும் இடத்தில், பெயரோடு கூடிய எதிர்வாக்கு பொறுப்பைக் கொண்டுவராது. எவரும் வாக்களிக்காத நிலையைத்தான் கொண்டுவரும்.

நாங்கள் மாற்றியமைத்த முறை இது. இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கப் பெயர் வேண்டியதில்லை. பயனர் எண்ணையும் விடை எண்ணையும் ஓர் இரகசியச் சாவியோடு கலந்து பெறும் குறியீடு போதும், அதே ஆள் அதே விடைக்கு மீண்டும் வந்தால் அதே குறியீடு வரும். அந்தச் சாவி, தரவுத்தளத்தைத் திறக்க முடியாத சக ஊழியரிடம் இருந்தது. ஒருவரையே குறிவைத்து வாக்கிடுவதைக் கண்டறிய வேண்டியிருந்ததால் புதிய வாக்குகளை 30 நாட்கள் பெயரோடு வைத்தோம். அவற்றை இரவில் ஓடும் செய்நிரல் மட்டுமே வாசிக்கும், எத்தனை வாக்குகளை நீக்கியது என்பதை மட்டும் எமக்குச் சொல்லும். மனிதர் எவரேனும் வாசிக்க வேண்டுமானால் இருவரின் கடவுச்சொற்களும் எழுத்தில் காரணமும் தேவை. எண்ணிக்கையை நாளுக்கு ஒருமுறை மட்டுமே புதுப்பித்தோம். ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தகவலை அதற்கு ஒவ்வாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் அப்போதுதான் படித்தேன்.

சில மாதங்களின் பின் அந்த ஆசிரியர் மீண்டும் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டார். "எனக்கே பாக்க ஏலாது சேர்" என்றேன். அது உண்மையாக இருந்தது ஆறுதலாக இருந்தது. மாணவிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் எழுதினேன், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வினாவோ விடையோ எழுதவில்லை. எப்போதாவது வந்து வாக்களித்தாரா என்பதை இப்போது என்னால் பார்க்க முடியாது.