எஸ் ஏ ஐ டி, செட்!

காசிமேடு பக்கம் மாலை ஆறு மணிக்கு எந்த டியூஷன் வாசலில் நின்றாலும் இந்தப் பாட்டு கேட்கும்: "டி ஹெச் ஈ, த! எஸ் ஏ ஐ டி, செட்!" கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அதே சொல்லை ஒரு வாக்கியத்துக்கு நடுவில் காட்டினால் பாதிப் பேர் 'சாய்ட்' என்பார்கள். மீதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ராயபுரம், காசிமேடு பகுதியில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. தமிழை எப்படியோ எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வது பெரிய சொற்களில் இல்லை. 'எலிஃபண்ட்' சரியாக வரும், பக்கத்தில்தான் படம் இருக்கிறதே! 'வாஸ்' (டபிள்யூ ஏ எஸ்) என்ற பொடிச் சொல்தான் தலைகீழாகி 'சா' (எஸ் ஏ டபிள்யூ) ஆகிவிடும்.

இந்தப் பொடிச் சொற்களைத்தான் சைட் வேர்ட்ஸ், அதாவது பார்த்ததும் படிக்க வேண்டிய சொற்கள், என்கிறோம். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் குழந்தைகள் நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்தார். பெயர்ச்சொற்கள் 95 தனிப் பட்டியல். இன்றும் அவை ஃபிளாஷ் கார்டுகளாகச் சுற்றுகின்றன. பட்டியலில் குறை இல்லை. பார்த்ததும் படிக்க வேண்டும் என்பதை, படத்தைப் போலப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. பார்லே ஜி பாக்கெட்டை மூன்று வயதுக் குழந்தையும் 'படிக்கும்'. அதே பெயரைக் கரும்பலகையில் எழுதினால் தெரியாது. அது படித்தது மஞ்சள் உறையை.

லின்னியா ஈரி என்ற ஆய்வாளர் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒரு சொல்லின் ஒலிகளோடு அதன் எழுத்துகள் ஒட்டிக்கொண்டால்தான் சொல் நினைவில் நிற்கும். டால்ச் பட்டியலிலேயே பிக், ரெட், ரன், இட் போன்றவற்றை ஒலி தெரிந்த பிள்ளை தானே கூட்டிப் படித்துவிடும். அவற்றுக்கு ஃபிளாஷ் கார்டு எதற்கு?

வம்பு பிடித்த சொற்களுக்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். 'செட்' என்று சொல்லச் சொல்லி, கேட்கும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டை வைக்க வேண்டும். மூன்று கொட்டை. தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எஸ், கடைசியில் டி, இரண்டும் ஒழுங்கான பிள்ளைகள். நடுக்கட்டத்தில் மட்டும் ஏ, ஐ இரண்டும் நெருக்கியடித்து உட்கார்ந்து 'எ' என்கின்றன. அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மனப்பாடம் செய்ய வேண்டியது அவ்வளவுதான். ஓ எஃப், 'ஆவ்' சொல்லை இப்படிப் பிரித்தபோது ஒரு பையன் கேட்டான்: "மிஸ், இந்த எஃப் இன்னாத்துக்கு மிஸ் 'வ்'ன்னு கத்துது?" கேள்வி கேட்ட பிறகு அந்தச் சொல்லில் அவன் தடுமாறியதில்லை.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். மீன் வியாபாரம் முடித்து வரும் அம்மா ஒருவர், "ஐம்பது வாட்டி எழுத வையுங்க டீச்சர், தானா வந்துடும்" என்பார். அவர் மகன் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் புரியும். பக்கம் முழுக்க மேலிருந்து கீழே எஸ், அப்புறம் அதன் பக்கத்தில் வரிசையாக ஏ, பிறகு ஐ. சீக்கிரம் முடிக்க அவன் கண்டுபிடித்த வழி. ஐம்பது முறை எழுதியும் அந்தச் சொல்லை அவன் ஒருமுறைகூட எழுதவில்லை!

சொற்களைக் கூட்டமாகக் கொடுத்தாலும் பாரம் குறைகிறது. ஹீ, ஷீ, வீ, மீ ஒரு குடும்பம். ஹியர், தேர், வேர் மூன்றும் இடத்தைப் பற்றியவை, மூன்றுக்குள்ளும் ஹெச் ஈ ஆர் ஈ இருக்கிறது. பார்க்க 'வேர்' (டபிள்யூ ஹெச் ஈ ஆர் ஈ) போலவே இருக்கிற 'வெர்' (டபிள்யூ ஈ ஆர் ஈ) மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. வேர் நன்றாகப் படிந்து சில வாரம் போன பிறகுதான் அதை எடுக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் பலகையில் ஏறினால் இரண்டுமே போய்விடும்.