ஊற்றா, கசிவா? ஒரு சாயத்தை மலைக்குப் பழக்கிய அனுபவம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே சாயம் துணியில் நிற்க வேண்டும், தண்ணீரில் தெரியவே கூடாது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களில் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு குன்னூருக்குத் திரும்பி வந்து ஒரு சின்ன ஷெட் எடுத்தேன். வேலை தலைகீழாகிவிட்டது. இப்போது நான் செய்வது தண்ணீரில் தெரிந்தே ஆக வேண்டிய சாயம். குழாய் எங்கே ஒழுகுகிறது, தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஊற்றுகிற அடையாளச் சாயம்.

அடையாளச் சாயம் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் ரேஷன் மண்ணெண்ணெயைத்தான் சொல்வேன். அந்த நீலம் நம் எல்லோருக்கும் தெரியும். டீசலில் கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று போட்ட சாயம் அது. ஆனால் களிமண்ணிலும் கரியிலும் வடிகட்டி நீலத்தை எடுத்துவிட ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். அதனால் 2006-ல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதிக் குறிப்பானையும் சேர்க்க வேண்டி வந்தது. களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற இந்த விஷயத்தை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சொந்த வேலையில் அது எப்படிக் குறுக்கே வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட சாயம் ஃப்ளோரசீன். அதன் சோடியம் உப்புக்கு யுரனின் என்று பெயர். 1871-ல் அடால்ஃப் வான் பேயர் உண்டாக்கியது. 1877-லேயே ஜெர்மனியில் டான்யூப் ஆறு நிலத்துக்குள் இறங்குகிற இடத்தில் இதை 10 கிலோ கொட்டி, அந்தத் தண்ணீர் ஆக் என்ற ஊற்றில் வெளியே வருகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். தெளிந்த தண்ணீராக இருந்தால் 10,000 லிட்டருக்கு 1 கிராம் போதும், கண்ணுக்குப் பச்சை தெரியும். விலை அதிகமில்லை, குஜராத்திலிருந்து லாரி பார்சலில் வந்துவிடும்.

முதலில் மாத்திரையாகச் செய்து பார்த்தேன். சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து அழுத்தினால் தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும். கோயம்புத்தூரில் நண்பர் வீட்டில் வைத்த மாத்திரைகள் இரண்டு மாதம் அப்படியே இருந்தன. குன்னூர் ஷெட்டில் ஜூலை மூடுபனியில் நான்கே நாளில் பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கி, கவர் பலூன் மாதிரி உப்பிவிட்டது. சரி, பொடியாகவே கொடுப்போம் என்றால் அதில் வேறு தொல்லை. யுரனின் பொடி பார்க்க ஆரஞ்சு நிறம், சிமெண்ட் தூசியைவிட நைஸ். எடை போடும்போது ஸ்வெட்டர் கையில் பட்டிருப்பது கண்ணுக்கே தெரியாது. வெளியே வந்து மூடுபனியில் நின்றால் கம்பளி நூலின் நுனியில் கோர்க்கிற ஒவ்வொரு துளியும் பச்சையாகும். அந்தக் கையோடு மாதிரித் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் அந்த மாதிரியை நம்ப முடியாது. கடைசியில் முன்கூட்டியே கரைத்து, 100 மில்லி பழுப்பு பாட்டிலில் அடைத்த திரவத்தில் வந்து நின்றேன்.

2024 பிப்ரவரியில் கோத்தகிரி ரோட்டில் உள்ள ஒரு தேயிலை ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஃபேக்டரிக்குப் பின்னால் மேட்டில் 30,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஏழு லைன் வீடுகள். வீடுகளுக்குப் பின்சுவரை ஒட்டி மண் எப்போதும் ஈரமாக இருந்தது. மழைக்காலத்தில் ஈரமாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபருக்கு மேல்தான். பிப்ரவரியில் தேயிலையே வாடி நிற்கும்போது அந்த ஒரு திட்டு மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. இயற்கையான ஊற்று என்றார் முதலாளி. தொட்டி கசிகிறது என்றார்கள் வீட்டுக்காரர்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மலை இது. தண்ணீர் ஊறிய சரிவுக்கு அடியில் குழந்தைகளோடு தூங்குகிறவர்களுக்கு அந்தக் கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

சாயம் ஊற்றுவதற்கு முன் அந்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அது பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை போட்ட அதே மாதம். டிவியில் தினமும் அதில் கலந்திருந்த ரோடமின் பி என்ற சாயத்தைப் பற்றித்தான் பேச்சு. "ஏம்மா, அந்தப் பஞ்சு மிட்டாய் பவுடரையா ஊத்தப் போறே?" என்று ஒரு அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். நியாயமான கேள்வி. ரோடமின் குடும்பத்தைச் சேர்ந்த சல்ஃபோரோடமின் என்ற இளஞ்சிவப்புச் சாயம் அப்போது என் ஷெட்டில் இருந்தது. புளிப்பு மண்ணில் ஃப்ளோரசீனைவிட அது நிறம் மாறாமல் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். ரோடமின் பி வேறு, இது வேறு. ஆனாலும் அந்தக் கசிவுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறவர்களிடம் போய் ரசாயனப் பெயர்களுக்குள் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சம்மதம் வாங்குவது சரியாகப் படவில்லை. அதைத் தொடவே இல்லை.

ஃப்ளோரசீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது அந்த அக்காவின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "கண்ணு ஆஸ்பத்திரில கையில ஊசி போட்டு போட்டோ எடுத்தாங்களே, அந்த மஞ்ச மருந்தா? ரெண்டு நாளு ஒண்ணுக்கு பச்ச மஞ்சளா போச்சு, வேற ஒண்ணும் பண்ணல" என்றார். அதேதான். விழித்திரை ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க ஏற்றுவது இந்தச் சாயம்தான். நான் அரை மணி நேரம் சொல்லிப் புரிய வைக்க நினைத்ததை அந்தப் பாட்டி ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். இருந்தாலும் சோதனை முடிகிற வரை அந்தத் தண்ணீரை யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஃபேக்டரியும் தினமும் டேங்கரில் தண்ணீர் கொடுத்தது.

ஊற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு வெறும் மாதிரி, அதாவது நம் சாயம் சேராத தண்ணீரின் மாதிரி, எடுத்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். தேங்காய் ஓட்டில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனைக் கொசுவலைத் துணியில் சின்னப் பையாகத் தைத்து, தண்ணீர் ஓடும் இடத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். போகிற சாயத்தையெல்லாம் கரி பிடித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பிறகு ஆல்கஹாலில் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து அதில் கரியைப் போட்டால் பிடித்த சாயத்தை விட்டுவிடும். மூன்று இடத்தில் பை கட்டினேன். ரோட்டோரக் கல்வெட்டில் கட்டிய பை, நான் சாயமே ஊற்றாதபோது பச்சை காட்டியது! ஒரு நாள் முழுக்க என் கைதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் மேலே லாரி ஷெட்டில் ரேடியேட்டர் கூலண்டைத் திறந்து விடுகிறார்கள். பச்சைக் கூலண்ட் பலவற்றில் இதே சாயம்தான். அந்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பின்சுவர்ப் பைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். துணி வெளுப்பாகத் தெரிய சோப்புத் தூளில் சேர்க்கிற ஒளிர்வூட்டியையும் அடையாளமாகப் பயன்படுத்தலாம்தான். ஆனால் ஏழு வீடும் துணி துவைக்கிற இடத்தில் அது எதை நிரூபிக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் இறங்கிய பிறகு தொட்டியில் 30 கிராம் ஊற்றினேன். ஃப்ளோரசீன் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், மலை வெயிலில் கேட்கவே வேண்டாம். தொட்டிக்கு மேல் தார்ப்பாயும் போட்டு மூடினோம். கீழே மாதிரி எடுக்கிற வேலையை ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணனிடம் கொடுத்தேன். சாயம் ஊற்றியவர் மாதிரி பாட்டிலைத் தொடக் கூடாது என்பதால் நான் கீழே இறங்கவே இல்லை.

புதன், வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையும் "மேடம், கலரே காணோமே" என்றார் ஃபிட்டர் அண்ணன். முதலாளி அதற்குள் ஊற்றுதான் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. அன்று ராத்திரி ஊட்டியில் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

அப்பா இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் எமல்ஷன் பிரிவில் இருந்தவர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஃபிலிமில் பூசுகிற எமல்ஷனில் உள்ள வெள்ளி உப்புக்குத் தானாக நீல ஒளிதான் தெரியும், பச்சையும் சிவப்பும் தெரிய அதில் சாயம் சேர்க்க வேண்டும். அந்தச் சாயங்களோடு இருட்டில் வாழ்ந்த மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "அந்தத் தண்ணி புளிப்பா? நீ எந்த லைட்ல பாக்குறே?"

இரண்டுக்கும் என் பதில் தப்பாக இருந்தது. நான் பார்த்தது ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சில். ஃப்ளோரசீன் நன்றாக உறிஞ்சுவது 490 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள நீல ஒளியை. தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவைத் தொட்டியில் மட்டும்தான் பார்த்திருந்தேன், அது 7; அதற்குக் கீழே போனால்தான் புளிப்பு. தேயிலை விரும்புவதே 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண், அம்மோனியம் சல்ஃபேட் உரம் அதை இன்னும் புளிக்க வைக்கும். பி.எச். 6.4-க்குக் கீழே போகப் போக ஃப்ளோரசீனின் அயனி வடிவம் மாறி ஒளிர்வு மங்கும். புளிப்பு மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஒரு பங்கைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயின் நீலத்தைக் களிமண் தின்ற அதே கதை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பா வந்தார். கையில் ஒரு பழைய கேமரா ஃபில்டர். கறுப்பு வெள்ளைப் படத்தில் மேகம் எடுப்பாகத் தெரிய லென்ஸில் மாட்டுவார்களே, அந்த அடர் மஞ்சள் கண்ணாடி. நீல ஒளியைத் தடுத்துப் பச்சையை விடும். கேண்டீனில் இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கினோம். ஒன்றில் சாயம் ஊற்றுவதற்கு முன் எடுத்த தண்ணீர், மற்றதில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்தது. இரண்டும் ஒரே மாதிரி, லேசான டீ நிறம். பி.எச். தாள் இரண்டிலும் 5 காட்டியது. கதவைச் சாத்தி, நீல டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இரண்டும் இருட்டு.

புளிப்பை முறிக்க, கேண்டீன் அண்ணனிடம் சமையல் சோடா வாங்கி இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டேன். முதல் டம்ளரில் சோடா வெறுமனே கரைந்தது. இரண்டாவதில் சோடா விழுந்த இடத்திலிருந்து ஒரு பச்சை நூல் கிளம்பி, டம்ளரின் அடி வரை வளைந்து வளைந்து இறங்கியது. ஸ்பூனால் கலக்கியதும் டம்ளர் முழுக்க இளம் நெற்பயிரின் நிறம். ஃபிட்டர் அண்ணன் ஃபில்டரை வாங்கிப் பார்த்தார், பிறகு முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டார். சாயம் மூன்று நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. நான்காம் நாள் மாதிரியில் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஏழாம் நாள் அவிழ்த்த கரிப்பைக்கு சோடாவோ டார்ச்சோ தேவைப்படவில்லை, ஆல்கஹாலில் போட்ட ஒரு மணி நேரத்தில் வெறும் கண்ணுக்கே பச்சை வந்தது.

தொட்டியைக் காலி செய்து பார்த்தார்கள். வெளியேறும் குழாய் தரையைத் துளைக்கிற இடத்தில் சிமெண்ட் விட்டிருந்தது. அதை உடைத்துப் பூசினார்கள். பழுது பார்ப்பதற்கு முன், பின்சுவரில் ஒழுகிய தண்ணீரில் 5 லிட்டர் வாளி நிறைய 4 நிமிடம் ஆனது. பூசி மூன்று வாரம் கழித்து 11 நிமிடம். அதற்கு மேல் குறையவில்லை. அதாவது கசிவும் இருந்தது, ஊற்றும் இருக்கிறது. முதலாளி சொன்னதிலும் பாதி உண்மை. மிச்சத் தண்ணீரை வீடுகளைச் சுற்றி ஓடைக்குக் கொண்டுபோகக் கல் வாய்க்கால் வெட்டினார்கள். அதற்காக நான் கொஞ்சம் சண்டையே போட வேண்டியிருந்தது, அக்டோபருக்கு முன் முடித்தும் விட்டார்கள்.

இப்போது என் பாட்டிலோடு சமையல் சோடா பாக்கெட், நீல டார்ச், மஞ்சள் பிளாஸ்டிக் தாள், நான்கு கரிப்பை, பி.எச். தாள் எல்லாம் ஒரே டப்பாவில் போகின்றன. முதலில் கீழ்த் தண்ணீரின் பி.எச். பாருங்கள், பிறகு சாயம் ஊற்றுங்கள் என்று மூடியின் உள்பக்கமே எழுதி ஒட்டிவிட்டேன். தெரிகிற நிறத்தை இன்னும் அழுத்தமாக்கச் சொல்லித்தான் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அளவைக் கூட்ட நான் சம்மதிப்பதில்லை.

ஃபிட்டர் அண்ணன் மாதம் ஒரு பை மாற்றுகிறார். போன நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு கண்ணாடி டம்ளர், அதற்குப் பக்கத்தில் நீல டார்ச், கேமராவுக்கு முன்னால் மஞ்சள் தாள். சோடா விழுந்து கரைகிறது. டம்ளர் இருட்டாகவே இருக்கிறது. பின்னால் மழைச் சத்தத்துக்கு மேல் அந்த அக்காவின் குரல் கேட்கிறது: "பச்ச இல்லல்ல? சரி, போய்ப் படுங்க."